சைக்கிள் கடையிலிருந்து அப்பா படித்த வார்த்தை

அன்பு மகன் ராமலிங்கத்துக்கு,

காரைக்காலில் மெஸ் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, ரூமில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்க எனக்கும் ஆசைதான். அதை உன் பெண்டாட்டி வசந்தா தனியாக எழுதுவாள். இது வேறு கடிதம். இதை நான் ஒட்டப்போவதில்லை. உனக்கு ஒன்று, பிரஸ்காரருக்கு ஒன்று என்று இரண்டு முறை எழுதுகிறேன். உன் மகள் செல்வியின் புத்தகத்துக்கு முன்பக்கத்தில் யாராவது பெரிய மனிதர் நாலு வார்த்தை எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லியனுப்பினார். "நமக்கு எந்தப் பெரிய மனுஷரத் தெரியும் அத்தே?" என்று வசந்தா கவலைப்பட்டாள். "ஏன், இந்த வூட்ல வயசுல பெரியவ நான் இருக்கேனே, நான் எழுதறேன்" என்றேன். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் எழுந்து போய்ப் பேனாவைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். புத்தகத்துக்கு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. மகனுக்கு எழுதத் தெரியும். அதனால் உனக்கே எழுதுகிறேன். புத்தகம் வாங்குகிறவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும். எழுத்துப் பிழையை மட்டும் பார், வேறு எதிலும் கை வைக்காதே என்று உன் மகளிடம் சொல்லிவிட்டேன்.

கதைப் பக்கமெல்லாம் அச்சுக் கோத்து முடிந்துவிட்டது. இந்த முன்பக்கமும் அட்டையும்தான் பாக்கி. அட்டையில் செல்வி என்ற பெயருக்கு முன்னால் உன் எழுத்து 'ரா' வரவேண்டும். வரக்கூடாது என்று நீ சொல்லிவிட்டுப் போனாய். "எழுதிக்கட்டும், காதல் கதையோ கண்றாவியோ எழுதிக்கட்டும், ஆனா என் இனிஷியல் அதுல இருக்கக்கூடாது" என்றாய். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. எழுதாதே என்று சொல்லியிருந்தால்கூட அப்பன் அதட்டுகிறான் என்று விட்டிருப்பேன். இனிஷியல் இல்லாமல் ஒரு பெண்பிள்ளையின் பெயரை ஊர் பார்க்கிற அட்டையில் நிறுத்துவது என்றால், அவளுக்கு அப்பன் இல்லை என்று எழுதி ஒட்டுவது போல அல்லவா? உயிரோடு இருந்துகொண்டு நீ அதைச் செய்வாயா?

உன் கோபம் எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நீ போட்ட சத்தத்தில் தெருவுக்கே தெரியும். ஆபீசில் ஒருவன் இந்தக் கதை முதலில் வந்த வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து உன் மேஜையில் விரித்துப் போட்டிருக்கிறான். கதைக்குக் கீழே 'ரா. செல்வி, முதலியார்பேட்டை' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. "இன்னா சார், உங்க பொண்ணு லவ்வுல பெரிய பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டா போலக்குது. நமக்கும் ரெண்டு பாடம் சொல்லித்தரச் சொல்லுங்க" என்று அவன் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரிக்க, நீ லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாய். சிதம்பரம், கடலூர் தாண்டி வருகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு உன் காதிலேயே இருந்திருக்கும். அது வலிக்கும்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவனுக்கு நீ என்ன பதில் சொன்னாய்? அங்கே விழுங்கியதை இங்கே வந்து பெற்ற பெண்ணின் தலையில் கக்கினாய்.

நீ படியேறி வந்தபோது மத்தியானச் சோறு முடிந்து வீடு ஓய்ந்திருந்தது. செல்வி மாடி அறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே சைக்கிள் கடை. சத்தம் இல்லாமல் அவள் வாய் மட்டும் அசைகிறது. சிரிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள், கையைக் காட்டி வா என்கிறாள். நீ ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாய். யாரோ ஒரு காலேஜ் பிள்ளை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு நின்றான். போதாதா உனக்கு? பத்திரிகையில் படித்ததும் அதுதான். அவள் கதையில் வருகிற பையனும் பெண்ணும் டைப்ரைட்டிங் கிளாசில் மெஷின் சத்தத்துக்கு நடுவே உதட்டை மட்டும் அசைத்துத்தானே பேசிக்கொள்கிறார்கள். "யாருடி அவன்?" என்று நீ கத்தினதில் நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்தேன். அவள் உன்னைப் பார்த்து, "அங்க யாரு இருந்தா இன்னாப்பா? நான் எழுதறதுக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றாள். ஒரு வார்த்தையில் உன்னை அடக்கியிருக்கலாம். சொல்லவில்லை. பிடிவாதம். உன் பெண் வேறு எப்படி இருப்பாள்!

நீ ஜன்னலைச் சாத்தப் போனாய். இரண்டு கதவையும் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றபடியே ஒன்று சொன்னாய். "இந்த வூட்ல காதல்னு ஒண்ணு எப்பனா இருந்துதா? எங்கப்பனும் எங்கம்மாவும் மில்லுக்குப் போனாங்க, வந்தாங்க, சாப்ட்டாங்க, படுத்தாங்க. உனக்கு மட்டும் எங்கேந்துடி வந்துது இது?" என்றாய். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டாய். சாப்பிடாமல் படுத்தாய், விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய்.

அப்பாவுக்குக் காது கேட்காது, தெருவுக்கு அந்தப் பக்கம் கடையின் உள்ளே வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றும் தெரியாது என்று நினைத்தாயா? சத்தம்தான் அவருக்குப் போகவில்லை. உன் வாயை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ சொன்னதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டார். வேட்டியைத் தட்டிவிட்டு மெதுவாகத் தெருவைத் தாண்டி வந்தார். நீ உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்து, குரல் இல்லாமல், "இந்த வூட்ல இருந்ததே இல்லியாமே?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செல்வி ஜன்னலில் பேசிக்கொண்டிருந்தது அவரிடம்தான். காபி போட்டாகிவிட்டது, வா என்று கூப்பிட்டாள். "சர்க்கரை கம்மியா போடச் சொல்லு ஆயாகிட்ட" என்று அவர் சொல்ல, "கம்மியா போட்டா கத்துற, ஜாஸ்தி போட்டா மொணகுற" என்று அவள் சொல்ல, அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. காற்றடித்த பிள்ளை யாரென்று எங்களுக்கே தெரியாது.

உனக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று நீ கேட்பாய். நீதான் எங்களை நிறுத்தச் சொன்னாய். மறந்துவிட்டாயா? மில்லில் தறி ஓடுகிற கொட்டகைக்குள் நின்று பார்த்திருந்தால் உனக்குப் புரியும். பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் வாயைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கத் தெரியும். கையும் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும். சங்கு ஊதி வெளியே வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. நாங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். நீ பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிதில் உன் சிநேகிதர்கள் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளைக்கார டவுன் பக்கத்துப் பிள்ளைகள், நன்றி என்பதை வாய்க்கு வாய் பிரெஞ்சில் 'மெர்சி' என்று சொல்லுகிறவர்கள். நானும் உன் அப்பாவும் பேசியதைப் பார்த்து, "உங்க அப்பா அம்மா ஊமையாடா?" என்று ஒருவன் கேட்டுவிட்டான். அவர்கள் போன பிறகு நீ அழுதுகொண்டே, "இனிமே வாய அப்படி அசைக்காதீங்க, எனக்கு அசிங்கமா இருக்கு" என்றாய். உன் அப்பா உன்னைப் பக்கத்தில் இழுத்து, "சரிடா, இனிமே இல்ல" என்று குரல் விட்டுச் சொன்னார். அன்றிலிருந்து உன் எதிரில் நாங்கள் அப்படிப் பேசியதில்லை. நீ இல்லாதபோது பேசினோம். நீ கண்டது வருவதும் போவதும் சாப்பிடுவதும் படுப்பதும் மட்டும்தான். உன்மேல் தப்புச் சொல்லவில்லை. எது உன் கண்ணில் படக்கூடாது என்று நீயே கேட்டு வாங்கிக்கொண்டாயோ, அதையே இல்லை என்று இன்றைக்குச் சொல்கிறாய். அதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கல்யாணத்தை உன் பெரிய மாமா பேசி முடித்தார் என்று உனக்குத் தெரியும். அது பொய்யில்லை. அவர் வந்து பேசினார்தான். ஆனால் அவர் பேச வருவதற்கு முன்னாலேயே கொட்டகை முழுக்கப் பேசி முடித்துவிட்டது. நான் நூல் சுற்றுகிற பக்கம். நூல் சுற்றிய பாபினைக் கூடையில் எடுத்துக்கொண்டு தறிப் பக்கம் போவேன். உன் அப்பா தறியில் நிற்பார். முதலில் "சாப்டியா?" என்று கேட்பார். அது எல்லாரும் எல்லாரையும் கேட்பதுதான். அப்புறம் "இன்னா குழம்பு?" என்று கேட்க ஆரம்பித்தார். அதை எல்லாரும் எல்லாரையும் கேட்கமாட்டார்கள். ஒருநாள் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, அந்தக் கோடியிலிருந்து, "என்னக் கட்டிக்கிறியா?" என்றார். சத்தம் இல்லை என்பதால் ரகசியம் என்று நினைத்துவிட்டார் பாவம்! அங்கே எவனுக்கு வாய் படிக்கத் தெரியாது? நடுவில் இருந்த தறிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். என் கூட வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். நான் வெட்கத்தில் குனிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "கட்டிக்கிறாளாம், கட்டிக்கிறாளாம்! மொதல்ல உன் தறியப் பாரு, நூல் அறுந்து போச்சு!" என்று அவருக்கு வாயசைத்துப் பதில் சொல்லிவிட்டாள். நூல் நிஜமாகவே அறுந்திருந்தது. மேஸ்திரி வந்து கையை ஆட்டித் திட்டினார். திட்டி முடித்துவிட்டு அவரே என்னைப் பார்த்து, "நல்ல பையன்தான், யோசிச்சுச் சொல்லு" என்றார்.

ராமலிங்கம், காதல் என்றால் ஜன்னலில் ஒளிந்து செய்கிறது என்று நீ நினைக்கிறாய். அவர் கேட்டதும், அப்புறம் நான் சரி என்றதும் ஒரு கொட்டகை ஜனத்துக்கு நடுவில்தான். ஒளிப்பதற்கு எங்களுக்கு இடமே இல்லை.

செல்வி இதை எப்படிக் கண்டுபிடித்தாள் என்று சொல்கிறேன். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மை போட்டுப் படுத்திருந்தாள். நீ ஆபீசுக்குப் போய்விட்டாய். வேப்பிலைக்கு நடுவில் அவள் கண்ணை மூடிக்கிடந்தாள். தூங்குகிறாள் என்று நானும் உன் அப்பாவும் பாய்க்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். "நீ போயி செத்த படு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்ல, "உனக்குதான் முதுகு வலி, நீ படு" என்று நான் சொல்ல, இப்படியே போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் அரைக்கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேரும் போயி படுங்க, நான் என்னப் பாத்துக்கறேன்" என்றாள். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை நாளாகப் பார்த்து வைத்திருந்தாளோ, யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றிலிருந்து நாங்கள் மூன்று பேரானோம். நீ வந்தால் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வோம்.

வளர்ந்தபின் அவள் என்னிடம் கேட்க ஆரம்பித்தாள். தாத்தா முதலில் என்ன சொன்னார், நீ எங்கே நின்றாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், வெட்கப்பட்டால் முகத்தைத் திருப்பிவிடுவாயே, அப்போது அவர் சொன்னதை எப்படித் தெரிந்துகொள்வாய் என்று. "இதையெல்லாம் கேட்டு இன்னாடி பண்ணப்போற?" என்றேன். "வயசுப் புள்ளைங்க படிக்கிற கதையில எல்லாம் பேசிக்கினே இருக்காங்க ஆயா. பாத்துக்கறதே இல்ல. உன் ஆள் உன் மூஞ்சியப் பாக்கலன்னா உனக்கு ஒரு வார்த்தை போய்ச் சேராதுல்ல? அந்த மாதிரி ஒண்ணு எழுதணும்" என்றாள். மில்லு என்று எழுதினால் நீ வருத்தப்படுவாய் என்றுதான் டைப்ரைட்டிங் கிளாஸ் என்று மாற்றினாள். அங்கேயும் மெஷின் சத்தம், அங்கேயும் பேச முடியாது. உனக்காக அவள் என்னை மறைத்தாள், உன் அப்பாவை மறைத்தாள், தறியை மறைத்தாள். அந்த மறைப்பைப் பார்த்துத்தான் நீ ஒரு பையனைத் தேடினாய். அந்தப் பையனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, காபியில் சர்க்கரை குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

நல்ல கதையா என்று எனக்கு எடை போடத் தெரியாது. போன மாதம் அரியாங்குப்பத்துக்கு பஸ்ஸில் போனபோது எனக்கு முன் சீட்டில் இரண்டு காலேஜ் பெண்கள் ஒரே பத்திரிகையில் தலையை முட்டிக்கொண்டு படித்தார்கள். "ஒரு வார்த்தை பேசல பாருடி, ஆனா எவ்ளோ பேசிட்டான்!" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "நம்ம கிளாஸ்ல இருக்கறதுங்க பேசறத நிறுத்தினாதானே" என்றாள். எனக்கு நாக்கு நிற்கவில்லை. "அத எழுதினது யாரு தெரியுமா?" என்று தோளைத் தட்டினேன். "யாரு ஆயா, நீங்களா?" என்று சிரித்தார்கள். "என் பேத்தி" என்றேன். "நெசமா?" என்று எழுந்து எனக்கு ஜன்னல் ஓரம் இடம் கொடுத்தார்கள். ஆற்றுப்பாலம் தாண்டுகிற வரைக்கும் நான்தான் அந்த பஸ்ஸுக்கு ராணி. உன் ஆபீசில் ஒருவன் சிரித்தான் என்று நீ அலறிக்கொண்டு ஓடிவந்தாயே, அந்த பஸ்ஸில் நீ இருந்திருக்கவேண்டும்.

இன்னும் ஒன்று. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. செல்விக்கு மட்டும் தெரியும், அவள் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். உன் அப்பாவின் பெயரை நான் சொல்லமாட்டேன். ரேஷன் கடையில் கேட்டால்கூட உன்னைத்தான் சொல்லச் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், "கட்டினவன் பேர ஒருநாள்கூட சொல்லாதவ" என்று எனக்கு நல்ல பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாது. தறிச் சத்தத்தில் எட்டி நிற்கிற ஆளை "ஏங்க" என்றா கூப்பிட முடியும்? அவர் நிமிர்ந்து பார்க்கிற நேரத்தில் உதட்டால் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு முன்னும் கூப்பிட்டேன், பின்னும் கூப்பிட்டேன். மில்லை விட்டு நின்ற பிறகும் விடவில்லை. தினமும் அவர் கண் விழித்ததும் காபி ஆற்றிக்கொண்டே, குரல் இல்லாமல், முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிடுகிறேன். அவரும் தினமும் புதிதாகக் கேட்பதுபோல் கண்ணை விரித்து, "யாரு, என்னியா கூப்ட்ட?" என்கிறார். செல்வியின் கதை முடிகிற இடத்தில் அந்தப் பெண் செய்வதும் இதுதான். கிளாஸ் முழுக்க மெஷின் ஓட, அவன் பெயரை முதல் தடவையாக உதட்டால் சொல்கிறாள். அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது. அதைப் படித்தபோது உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தார்.

இந்த வீட்டில் காதல் என்று ஒன்று எப்போதாவது இருந்ததா என்று கேட்டாயே. இன்று காலையில்கூட இருந்தது. நீ அப்போது காரைக்காலில் பல் விளக்கிக்கொண்டிருந்திருப்பாய்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். புத்தகம் வரும். அதில் யாரும் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம். பிரஸ்காரர் அட்டையில் செல்வியின் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்துக்கு இடம் விட்டு நிறுத்தி வைத்திருக்கிறார். அடுத்த சனிக்கிழமை மிஷினில் ஏற்றுவாராம். நீ கொடுக்காவிட்டால் உன் அப்பா தன் எழுத்தைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். "நான் ஆரம்பிச்ச கதைதானே, என் எழுத்தே இருக்கட்டும்" என்றார். அது க. அந்த ஒரு எழுத்துக்கு மேல் நான் எழுதமாட்டேன், உனக்குத் தெரியும். அதைப் போட்டாலும் புத்தகம் நன்றாகத்தான் இருக்கும், ஒரு குறையும் வராது. ஆனால் உன் மகள் அதைக் கையில் வாங்கும்போது முதலில் பார்க்கப்போவது கதையை இல்லை, அந்த இடத்தைத்தான். உன் எழுத்து அங்கே இல்லையென்றால் அவள் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்காத பெண் அவள். அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். ஆபீசில் சிரிக்கிறவன் இன்னும் நாலு நாள் சிரிப்பான், அப்புறம் அவனுக்கு வேறு வேலை வந்துவிடும். அந்த அட்டை அப்படியே இருக்கும்.

ஆகவே சனிக்கிழமைக்கு முன்னால் வா. நீ போட்ட கொக்கியை நான் அன்றைக்கே கழற்றிவிட்டேன், மாடி ஜன்னல் திறந்துதான் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்குள் வராதே. உள்ளே வந்தால் நீ சத்தம் போடுவாய், அவள் பதில் பேசுவாள், வசந்தா அழுவாள். சைக்கிள் கடை வாசலில் நில். நாங்கள் மூன்று பேரும் மேலே ஜன்னலில் நிற்போம். உன் எழுத்தை அங்கிருந்தே சொல். குரல் வேண்டாம். எனக்கு மறந்துபோயிற்று, அசிங்கம் என்றெல்லாம் சொல்லாதே. உன்னைக் கைப்பிள்ளையாக மில்லில் பிள்ளைகளை விடுகிற அறையில் விட்டுவிட்டு வேலைக்குப் போவேன். பால் கொடுக்க நான் வரும்போது தறிச் சத்தத்தில் நீ அழுவதுகூட எனக்குக் கேட்காது. நீயும் ஒருநாள் அழுவதை விட்டுவிட்டு, நான் வாசலில் தெரிந்ததும் உதட்டை மட்டும் கூட்டி 'அம்மா' என்றாய். உனக்கு வாய்ப்பேச்சு வந்தது அதற்கு ரொம்ப நாள் கழித்துத்தான்.

அன்றைக்கு அவ்வளவு சத்தத்திலும் நான் படித்தேன். இப்போதும் படிப்பேன். வந்து நில்.

இப்படிக்கு,
உன் அம்மா